இறகில்லாத அம்பு

பூட்ஸில் ஏப்ரல் மாதத்துச் சேற்றோடு உள்ளே வந்த அந்தப் பெண், உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல், ஒரு காகிதப் பையைத் துப்பறிவாளர் ஐலா ஹக்காலாவின் மேஜைமேல் கவிழ்த்தாள். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு ஒன்று விழுந்தது. காய்ந்த ரத்தத்தில் அது அட்டைபோல விறைத்திருந்தது.

பக்கத்து மேஜையிலிருந்த டெபுடி ரோலி பெலாஞ்சர் எழுந்து நின்றுவிட்டான். அவளை அவனுக்குத் தெரியும். மிச்சிகனின் அந்த வடகோடிச் சிற்றூரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. போன அக்டோபரில் மான் வேட்டைக்குப் போன காட்டில் அம்பு பாய்ந்து செத்தானே ரெய்னோ காங்கஸ், அவன் மனைவி இர்மா.

"திங்கக்கிழமை கோர்ட்டு," என்றாள் இர்மா. "டென்சில் ஹோஸ்கிங் எழுந்து நின்னு, ஆமா, நான்தான்னு சொல்லப் போறான். அதுக்கு முன்னாடி இதைப் பாரு, ஐலா. நேத்துதான் திருப்பிக் குடுத்தாங்க."

"எதைப் பாக்கணும்?"

இர்மா கோட்டைப் பிரித்து விரித்தாள். முதுகுப் பக்கம் ஒரு பெரிய கறை. அதே வடிவம், சற்று மங்கலாக, இன்னும் மூன்று இடங்களில். மை கொட்டிய காகிதத்தை மடித்துப் பிரித்ததுபோல இருந்தது. கோட்டின் கைகள் இரண்டிலும் ஒரு சொட்டுகூட இல்லை.

"ரெய்னோ ஜென்மத்துல ஒரு துணியை மடிச்சதில்ல. கட்டில்லேந்து கதவு வரைக்கும் அவன் கழட்டிப் போட்டதைப் பொறுக்கியே எனக்கு இடுப்பு போச்சு. தொடை கிழிஞ்சு ரத்தம் பீச்சிக்கிட்டு இருக்கறப்ப, அவன் கோட்டைக் கழட்டி, கையை உள்ள விட்டு, அழகா நாலா மடிச்சு காயத்துல வெச்சுக்கிட்டானாமா?"

"யாரோ பக்கத்துல இருந்திருக்காங்க," என்றார் ஐலா.

"டென்சில் பக்கத்துலயே போகலைங்கறான். இருட்டற நேரத்துல சத்தத்தை வெச்சு எய்தேன், தப்பிடுச்சுன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிட்டேன்ங்கறான். அப்ப மடிச்சது யாரு?" அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் ரோலிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "குளிர்காலம் முழுக்க அவனை வெறுத்திருக்கேன். சோறு தண்ணி எறங்காம வெறுத்திருக்கேன். சரியான ஆளைத்தான் வெறுக்கறேனான்னு எனக்குத் தெரியணும்."

அவள் போனதும் இருவரும் சாட்சிப் பொருள் அறைக்குப் போனார்கள். ஐலாவுக்கு வயது ஐம்பத்தைந்து. வேட்டைக்காரர்கள் நிறைந்த அந்த ஊரில் ஒரு முயலைக்கூடக் கொல்லாதவர். ரோலி அதற்கு நேர் எதிர். கப்பி வைத்த நவீன வில்லை ஏளனமாகப் பேசுவான்; கையால் இழுத்து, கையாலேயே பிடித்து நிற்கும் மரவில்தான் அவனுக்கு வில். அந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டான்.

அம்பு நீண்ட அட்டைப் பெட்டியில் கிடந்தது. கறுப்புக் கார்பன் தண்டு, வெள்ளை இறகு இரண்டு, ஆரஞ்சு இறகு ஒன்று. வால் பக்கம் சுற்றியிருந்த ஆரஞ்சுத் தாளில் 'டி. ஹோஸ்கிங்'. ரோலி கையுறை போட்டு அதை எடுத்தான், வில் இழுப்பதுபோலத் தன் மார்புக்கு நேராகப் பிடித்தான். அவன் முகம் மாறியது.

"ஐலா, இது குட்டை."

"எதுக்குக் குட்டை?"

"டென்சிலுக்கு. அவர் கை ரெண்டும் படகுத் துடுப்பு மாதிரி. எனக்கே இது பத்தாது. அவர் முழுசா இழுத்தா, முனை வில்லைத் தாண்டி உள்ள வந்து அவர் விரலையே அறுத்துடும்."

"அப்ப இதை அளந்தவங்க யாரும் கவனிக்கலையா?"

"யார் அளந்தாங்க? பேரு எழுதியிருந்தது. பேருக்கு உடையவனும் ஒத்துக்கிட்டான். விஷயம் முடிஞ்சது."

"சரி. எனக்கு ஒண்ணு சொல்லு. அம்பைக் குட்டையா வெட்டறது ஆசைக்கா, தேவைக்கா?"

ரோலி இதற்காகவே பிறந்தவன்போல ஆரம்பித்தான். விட்டவுடன் அம்பு நேராகப் போவதில்லை; வில்லின் உடம்பைச் சுற்றிப் பாம்புபோல வளைந்துதான் வெளியேறுகிறது. எவ்வளவு வளைகிறது என்பதுதான் அதன் விறைப்பு. வலுவான வில்லுக்கு விறைப்பான தண்டு வேண்டும்; மெல்லிய வில்லுக்கு இளக்கமானது. தண்டை வெட்டினால் விறைப்புக் கூடும். முன்பக்கம் கனம் ஏற்றினால் விறைப்பு இறங்கும். வெட்டியும் கனம் வைத்தும் எய்து பார்த்து, எய்து பார்த்து, தன் கைக்கும் தன் வில்லுக்கும் பொருந்த வைக்க வேண்டும்.

"செருப்பு மாதிரி," என்றார் ஐலா.

"செருப்பையாவது இரவல் போட்டுக்கிட்டு நடக்கலாம்," என்றான் ரோலி.

டென்சில் ஹோஸ்கிங்கின் வீடு ஏரிக்கரைச் சாலையின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்தவன் அவன் தம்பி வெஸ். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். மரம் வெட்டும்போது ஒடிந்து கோணலாகக் கூடிய இடது முழங்கை. காப்பிக் கோப்பையை நீட்டும்போதுகூட அந்தக் கை முழுசாக நீளவில்லை. ஈரக் கையைத் துடைத்த துண்டை ஓரம் உள்ளே செருகி நான்காக மடித்து வைத்தான். "இர்மா வீட்டுக்கு விறகு போட்டுட்டு இப்பத்தான் வந்தேன்," என்றான். "எங்க குடும்பத்தால ஆன கேடு. நாங்கதானே பாக்கணும்." மறுபடி விறகு எடுக்க வெளியே போனான்.

டென்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஆறடிக்கு மேற்பட்ட உடம்பு, சட்டைக்குள் காலியாகத் தொங்கியது.

"அந்த அம்பைக் கையில வாங்கிப் பாத்தியா, டென்சில்?" என்று கேட்டார் ஐலா.

"எதுக்கு? படத்தைக் காட்டினாங்க. என் பேரு. என் இறகு. அன்னிக்கி நான் விட்ட அம்பு கிடைக்கவும் இல்ல. வேற என்ன வேணும்?" அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெய்னோவும் நானும் ஒண்ணா ஸ்கூலுக்குப் போனவங்க. அவன் நடை சத்தம் எனக்குத் தெரியாதா? மான்னு எப்படி நினைச்சேன்? தினமும் அதையேதான் கேட்டுக்கறேன்."

ரோலி தொழில் பேச்சில் இறங்கினான். தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டென்சில் பழைய கனத்த வில்லை விட்டு மெல்லிய வில்லுக்கு மாறியிருந்தான். அம்பும் புதுசு, இளக்கமான தண்டு. முன்னால் கனம் எதுவும் ஏற்றுவதில்லை. "முனையை மாட்டறதுக்கு சாதா அலுமினியத் துண்டுதான். என் வில்லு இப்ப பஞ்சத்துல அடிபட்ட கழுதை. கனத்தைத் தூக்காது."

"பழைய அம்பெல்லாம்?"

"கராஜ் உத்தரத்துல ஒரு குழாய்ல கெடக்கும். தூக்கிப் போட மனசு வரல."

ரோலி அவனுடைய இப்போதைய அம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, போகிறபோக்கில் கராஜுக்குள் எட்டிப் பார்த்தான். உத்தரத்துத் தூசியில் ஒரு நீளமான தடம் இருந்தது. குழாய் இல்லை.

வெஸ் கார் வரைக்கும் வந்தான். "அவனை நோண்டாதீங்க, மேடம். ஏற்கெனவே பாதி செத்துட்டான். முன்னால அவ்வளவு பித்தளை வெச்ச அம்பு, தொடையில பாஞ்சா மனுஷன் நிப்பானா? ரெய்னோ ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். அதையாவது டென்சில் நம்பட்டும்."

"நீ அன்னிக்கி வேட்டைக்குப் போகலையா, வெஸ்?"

"லைசென்ஸைப் பிடுங்கிட்டீங்களே. ராத்திரியில விளக்கடிச்சு மான் சுட்டேன்னு. இன்னொரு தடவை மாட்டினா ஜெயில்னு ஜட்ஜ் சொன்னார். அதுலேந்து வில்லை ஆணியில மாட்டிட்டேன்."

வழியில் ரோலி பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "லென் சவோலா. அன்னிக்கி காட்டுல வில்லோட இருந்த இன்னொருத்தன் அவன்தான். மானுக்குப் பதுங்கற இடத்துக்காக, பாஸ்டி ரொட்டிக் கடையிலயே ரெய்னோவோட சட்டையைப் பிடிச்சவன். ஆளு குள்ளம், கை குட்டை. குட்டை அம்பு!"

"இருக்கலாம்," என்றார் ஐலா. அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது ரோலிக்கு இன்னும் பிடிபடவில்லை.

அலுவலகத்துப் பின்னறையில், படமெடுத்துக் கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகு, ரோலி அந்த அம்பை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தான். இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தான். டென்சில் கொடுத்த அம்பு நன்றாகத் தொய்ந்தது. இது அசையவே யோசித்தது. பழைய கனத்த வில்லுக்கு வாங்கிய தண்டு. அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள். பிறகு முனையைக் கழற்றி, தண்டின் வாயை இளஞ்சூட்டில் காட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை மெல்ல உருவினான். விரல்கணு நீளத்துக்குப் பித்தளைத் துண்டு.

"பாத்தீங்களா! வெட்டினதுல விறைப்பு ஏறிடுச்சு. அதை இறக்கறதுக்குக் கனம் வெச்சிருக்கான். இதை டியூன் பண்ணவன் சாதாரண ஆளு இல்ல." அவன் குரலில் மெச்சுதல் இருந்தது.

"இந்தத் துண்டு வெளியிலேந்து தெரியுமா, ரோலி?"

"எப்படித் தெரியும்? தண்டுக்குள்ள இருக்கு. உருவினாத்தான்."

ஐலா கோப்பையைக் கீழே வைத்தார். "இதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியுமா? அதே தண்டு, அதே நீளம், அதே பித்தளை. பேரும் தாளும் வேண்டாம்."

"இறகு?"

"இறகு என்ன பண்ணும்?"

"தப்பான அம்பைக்கூட இறகு இழுத்துப் பிடிச்சு ஓரளவுக்கு நேராக்கிடும். இறகில்லாம விட்டா அம்பு பொய் சொல்லாது."

"அப்ப இறகு வேண்டாம்," என்றார் ஐலா.

சனிக்கிழமை நண்பகல், டென்சில் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தி வைத்தார்கள். வேலியோரம் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் குவிந்திருந்தது. இர்மா யார் பக்கத்திலும் நிற்காமல் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தாள். லென் சவோலா முணுமுணுத்துக்கொண்டே தன் வில்லோடு வந்திருந்தான். வெஸ் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான்.

"கோர்ட்டுல என்னை ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாது," என்றார் ஐலா. "அம்பு எப்படித் தடம் மாறும்னு நான் கண்ணால பாக்கணும். ஆளுக்கு ஒண்ணு விடுங்க. போதும். லென், நீ."

சவோலா ரோலியிடமிருந்து மொட்டைத் தண்டை வாங்கினான். "இறகு இல்லையே, பொண்ணு பாக்க வந்த கெழவன் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு இழுத்து விட்டான். அம்பு இடதுபக்கமாக ஒதுங்கிப் போய்க் கட்டின் ஓரத்தில் சரிந்து குத்தி நின்றது.

"நான் ஒழுங்காத்தான் விட்டேன்! என் வில்லுக்கு இது ரொம்ப விறைப்பு."

"சரி. நல்லாப் போனா எப்படி இருக்கும்னும் பாக்கணுமே," என்றார் ஐலா. "வெஸ், உங்க குடும்பத்துல நீதான் கெட்டிக்காரன்னு ரோலி சொல்றான். வைக்கோல்ல எய்யறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

வெஸ் தயங்கினான். ஆனால் அவன் முகத்தில் ஒரு பழைய வெளிச்சம் வந்ததை ரோலி பார்த்தான். "பழக்கம் விட்டுப் போச்சு," என்றபடியே தன் வண்டியிலிருந்து வில்லை எடுத்துவந்தான். சற்றுக் கூனி, கோணல் முழங்கையை மடித்தபடியே நீட்டி, இழுத்து, விட்டான்.

கண்ணுக்குத் தெரியாத கம்பியில் கோத்ததுபோல அம்பு போயிற்று. கட்டின் நட்ட நடுவில், ஆணி அடித்தாற்போல நேராக நின்றது.

"அடடா!" என்றான் ரோலி. வாய்விட்டே சொல்லிவிட்டான். சவோலாகூடச் சீட்டியடித்தான். வெஸ் சிரித்தான்.

ரோலி போய் அம்பைப் பிடுங்கி வரும்போதுதான் அவனுக்குப் புரிந்தது. திரும்பி வந்தபோது அவன் வெஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"டென்சில், கடைசியா நீ," என்றார் ஐலா.

"நான் இனிமே தொட மாட்டேன்."

"விட வேண்டாம். இழுத்து மட்டும் பாரு."

டென்சில் தன் வில்லை எடுத்தான். மொட்டைத் தண்டைக் கோத்தான். இழுத்தான். தாடையருகே கை வருவதற்கு முன்பே நிறுத்தினான். தண்டின் முனை அவன் முஷ்டிமேல் வந்து நின்றது. அவன் அதையே வெறித்தான்.

"இது என் அளவு இல்லையே. இது யாரோடது?"

"ரெய்னோவைக் கொன்ன அம்போட இரட்டைப் பிறவி," என்றார் ஐலா. "வெட்டினது, உள்ள வெச்சது, எல்லாம் அதே. பேரு மட்டும்தான் இல்ல."

ஐலா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, பலசரக்கு விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"டென்சிலோட பழைய தண்டு அது. உத்தரத்துலேந்து யாரோ எடுத்திருக்காங்க. தாளையும் இறகையும் அப்படியே விட்டுட்டு, தன் கைக்கு வெட்டி, தன் வில்லுக்குப் பொருத்தியிருக்காங்க. டென்சிலால இதை இழுக்கவே முடியாது. லென் இழுத்தா ஒதுங்கிப் போகுது. நல்ல அம்பை வேணும்னு கெடுத்து எய்ய யாராலயும் முடியும். பொருந்தாத அம்பை நேரா எய்ய யாராலயும் முடியாது. கையில வாங்கினப்ப உனக்கு எதுவும் வித்தியாசமாத் தெரியல, இல்லையா வெஸ்? ஏன்னா உனக்கு அது பழகினது."

"இந்த மாதிரி வில்லு இந்தக் கவுன்ட்டியில நூறு பேர்கிட்ட இருக்கும்," என்றான் வெஸ். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, இறக்கிவைக்க இடம் தெரியாததுபோல.

"இருக்கும். ஆனா அந்த நூறு பேர்ல ஒருத்தன்தான் கார்கிட்ட வந்து என்கிட்ட பித்தளையைப் பத்திச் சொன்னான். அது தண்டுக்குள்ள இருந்தது. ரோலி அன்னிக்கி சாயங்காலம்தான் உருவினான். அதுக்கு முன்னாடி, அதை வெச்சவனைத் தவிர யாருக்கும் தெரியாது."

"எல்லாரும்தான் பித்தளை வெக்கறாங்க. டென்சிலும்—"

"நான் வெக்கறதில்ல," என்றான் டென்சில்.

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பங்கரைத் துண்டு, மடிந்த கோட்டு என்று ஐலா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். தேவைப்படவில்லை. வெஸ் வில்லைச் சேற்றில் போட்டான்.

"மான்னுதான் நினைச்சேன்," என்றான். "சத்தியமா மான்னுதான் நினைச்சேன். ஓடிப் போய்ப் பாத்தா ரெய்னோ. கோட்டைக் கழட்டி வெச்சு அழுத்தினேன். நிக்கல."

"போன் இருந்ததா உன்கிட்ட?" என்று கேட்டது இர்மா.

வெஸ் அவளைப் பார்க்கவில்லை. "லைசென்ஸ் இல்லாம மறுபடி மாட்டினா ஜெயில். நிக்கும், ரத்தம் நின்னுடும், அப்புறம் தூக்கிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

"நீ அழுத்திப் பிடிச்சப்ப எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்?" என்றாள் இர்மா.

"கொஞ்ச நேரம்."

"ஒரு நிமிஷம்கூட இல்லைன்னு என்கிட்ட சொன்னியே," என்றார் ஐலா. "எனக்கு இன்னொண்ணு புரியல. அம்பு தொடையை ஊடுருவி, பக்கத்துலயே தரையில குத்தி நின்னுது. கையை நீட்டினா எடுத்திருக்கலாம். எடுத்துட்டுப் போயிருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஏன் விட்டுட்டுப் போனே?"

வெஸ் சேற்றில் கிடந்த வில்லைப் பார்த்தபடி சொன்னான்.

"அதுல அவன் பேரு இருந்தது."

டென்சில் ஒரு சத்தம் எழுப்பினான். அழுகை இல்லை, வயிற்றில் உதைபட்டவன் விடும் மூச்சு. "என் மேஜையில உக்காந்து சாப்பிட்டியேடா. தினமும் என் தோளைத் தட்டி, உன்னையே நீ மன்னிச்சுக்கோ டென்ஸ், மன்னிச்சுக்கோன்னு சொன்னியேடா."

"எனக்கு ஜெயில்னாங்க. உனக்கு விபத்துன்னு சொல்லி விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். உனக்குக் கெட்ட பேரே கிடையாதே."

"ரெய்னோ ஏதாவது பேசினானா?"

"வேண்டாம் டென்ஸ்."

"பேசினானா?"

"உன்னைக் கூப்பிடச் சொன்னான்," என்றான் வெஸ். "டென்சில் பக்கத்துலதான் இருக்கான், அவனைக் கூப்பிடு, அவன் வந்துடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

ரோலி விலங்கை எடுத்து வெஸ்ஸின் கையில் மாட்டினான். கோணல் முழங்கையைப் பின்னால் வளைக்க முடியவில்லை. முன்பக்கமாகவே மாட்ட வேண்டியிருந்தது. இதே கை எய்த அம்பைப் பார்த்து 'அடடா' என்றது அவன் வாயிலேயே கசந்தது. காரின் பின்கதவைச் சாத்திவிட்டு அவன் திரும்பியபோது சவோலா போய்விட்டிருந்தான். ஐலா கொட்டகையருகே போய், "உனக்குத் துணைக்கு யாராவது வரணுமா, இர்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

இர்மா முற்றத்தைத் தாண்டி டென்சில் உட்கார்ந்திருந்த படிக்கட்டுவரை வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று ரோலி எதிர்பார்த்தான். டென்சிலும் அதற்குப் பயந்தவன்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"தினமும் படுக்கறதுக்கு முன்னாடி, நீ சாகணும்னு ஜெபம் பண்ணினேன்," என்றாள் இர்மா. "உனக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்."

"நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டேன்," என்றான் டென்சில்.

அவள் தலையசைத்தாள். வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே அவள் சேற்றில் நடந்து போனாள்.